ஒரு சிட்டிகை பொய்

உங்களிடம் ஒரு கேள்வி. ரொம்ப யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு ஒருவர் சாப்பிட வருகிறார். நீங்கள் செய்த ஏதோ ஒன்றை, வத்தக்குழம்போ, மட்டன் சுக்காவோ, ரவா கேசரியோ, ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, ‘பிரமாதம்! எப்படிச் செஞ்சீங்க, சொல்லுங்களேன்’ என்று கேட்கிறார். என்ன செய்வீர்கள்?

இதில் மூன்று வகை மனிதர்கள் உண்டு. முதல் வகை, பேப்பர் பேனா எடுத்து எழுதியே கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் வகை, ‘அட, அதுல என்னங்க இருக்கு... எல்லாம் கண்ணளவுதான்’ என்று சிரித்து மழுப்பிவிடுவார்கள். மூன்றாம் வகைதான் விசேஷம். அவர்களும் எழுதிக் கொடுப்பார்கள். அளவு, பக்குவம், அடுப்பை எப்போது குறைக்க வேண்டும், எல்லாம் சொல்வார்கள். ஒரே ஒரு பொருளை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இந்த மூன்று பேரில் பெரிய தப்பு செய்கிறவர் யார்?

‘சொல்லவே மாட்டேன் என்கிற இரண்டாவது ஆள்தான்’ என்று நீங்கள் சொன்னால், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. நான் மூன்றாவது வகை. பரம்பரையாகவே மூன்றாவது வகை. அது எனக்கு உறைத்தது, 13,000 கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்காவில், ஒரு கரி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது.

2023 ஜூனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வர்ஜீனியா மாநிலம். வாஷிங்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அங்கே கோடைகாலத்துச் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் தெருவே புகை மணக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்தரை. அதில் மூன்று கால் வைத்த உருண்டை இரும்பு அடுப்பு. மூடியைத் திறந்தால் அடியில் கரி, மேலே கம்பிச் சட்டம். அந்தக் கம்பியில் கோழி, மாட்டுக்கறி, சோளம், குடைமிளகாய் என்று எதையாவது வாட்டிக்கொண்டே இருப்பார்கள். ‘க்ரில்’ என்று பெயர். நம்மூரில் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் நிற்கிற மாதிரி, அவர்களுக்கு அது ஒரு வாராந்திரச் சடங்கு.

அந்த உருண்டை அடுப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1952-ல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்று ஒருவர். வெபர் பிரதர்ஸ் என்கிற உலோகப் பட்டறையில் வேலை. தண்ணீரில் மிதக்கவிடுகிற பெரிய மிதவைகளைச் செய்கிற இடம் அது. வீட்டில் திறந்த அடுப்பில் சமைத்தால் காற்று ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம். வெறுத்துப்போன மனிதர், மிதவையின் உருண்டையை இரண்டாக்கி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கிவிட்டார். வெபர் க்ரில் பிறந்தது இப்படித்தான்.

கரியின் கதை இன்னும் சுவாரஸ்யம். அதைப் பெரிய அளவில் விற்றவர் கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு! அந்தக் காலத்துக் காரில் மரப் பாகங்கள் நிறைய. மிச்சிகனில் இருந்த அவருடைய மரவேலை ஆலையில் துண்டும் தூளுமாக வீணானதை 1920-களில் கரியாக்கி, கட்டி பிடித்து, தன்னுடைய கார் டீலர்கள் மூலமே விற்றார். இன்றைக்குக் ‘கிங்ஸ்ஃபோர்டு’ என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கக் கிடைக்கிற கரிக்கட்டி அதன் வாரிசுதான். காஸ்ட் அக்கவுன்டிங்கில் ‘பை-ப்ராடக்ட்’ என்று ஒரு பாடம் வரும். பி.காம். படித்தவன் இந்த மாதிரிக் கதையைக் கேட்டால் புல்லரித்துப் போய்விடுவான். நான் போனேன்.

அத்தானுக்கு இந்தக் கதையெல்லாம் அத்துப்படி. க்ரில்தான் வராது. வெளியே கரிக்கட்டை, உள்ளே பச்சை ரத்தம். நான் போன முதல் சனிக்கிழமை அதுதான் நடந்தது. ‘மாப்ளே, பீட்சா சொல்லிரலாமா?’ என்று அவர் நொந்துபோய் நின்றபோது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபது தாண்டியவர். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். ‘நான் வரலாமா?’ என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டார்.

வந்தவர் எதையும் தொடவில்லை. கரியைப் பார்த்தார். ‘இது இன்னும் கறுப்பா இருக்கு. மேலே சாம்பல் பூத்து வெள்ளையா ஆகணும். இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் ஒண்ணும் செய்யாம சும்மா நிக்கணும். இதுல கஷ்டமான வேலையே அதுதான்’ என்றார். அப்புறம் கரியை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினார். கரிக்கு நேர் மேலே கடும் சூடு. மறுபக்கம் மிதமான சூடு. கோழியை முதலில் மிதமான பக்கம் வைத்து, மூடி போட்டு வேகவிட வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் கடும் சூட்டுக்கு மாற்றிச் சிவக்க வைக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து, ‘தொடைக்கறியின் நடுவில் குத்திப் பார். 165 ஃபாரன்ஹீட் வரணும். கண்ணை நம்பாதே’ என்றார். நம் கணக்கில் 74 டிகிரி செல்சியஸ்.

அன்றைக்கு அவர் இன்னும் இரண்டு சங்கதி கற்றுக்கொடுத்தார். உங்களுக்கும் பயன்படும் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, சோளம். தோலை உரித்து, கம்பியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் வாட்ட வேண்டும். இளகிய வெண்ணெயில் நசுக்கிய பூண்டு, உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து, சோளம் சூடாக இருக்கும்போதே தடவ வேண்டும். ‘வெண்ணெயை மட்டும் அளக்காதே’ என்றார். என் டாக்டர் காதில் விழவில்லை என்று நம்புகிறேன்.

இரண்டு, உருளைக்கிழங்குப் பொட்டலம். கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, வெங்காயம், வெண்ணெய், உப்பு, மிளகுத்தூளோடு அலுமினியத் தாளில் வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, மிதமான சூட்டில் அரைமணி நேரம். நடுவில் ஒருமுறை திருப்ப வேண்டும். ‘ரெண்டு சுற்றுன்னா ரெண்டு சுற்றுதான். நான் ஒரே சுற்று போட்டு எத்தனை தடவை கருக்கியிருக்கேன் தெரியுமா?’ என்று சிரித்தார்.

கவனியுங்கள். மனிதர் செய்முறையை மட்டும் சொல்லவில்லை. தான் சொதப்பியதையும் சேர்த்துச் சொன்னார். மறுநாள் எல்லாவற்றையும் சின்னச் சின்ன அட்டைகளில் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை. அம்மாவின் கோழி வறுவல் மசாலாவைத்தான் அக்கா தயிரில் குழைத்து க்ரில்லுக்குப் பழக்கியிருந்தாள். பெரியவர் ஒரு துண்டு எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்று எடுத்தார். ‘இதை எப்படிச் செய்யறீங்க?’ என்று என்னைக் கேட்டார். கையில் பேனா, அட்டை.

நான் சொன்னேன். தயிர் இவ்வளவு, மிளகாய்த்தூள் இவ்வளவு, மல்லி, மிளகு, சோம்பு, இஞ்சி பூண்டு... அவர் ஒவ்வொன்றையும் ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கொண்டார். ‘அவ்வளவுதானா?’ என்றார். ‘அவ்வளவுதான்’ என்றேன்.

அவ்வளவு இல்லை. கல்பாசி விட்டுப்போயிருந்தது. விட்டுப்போகவில்லை, நான் விட்டேன். அக்கா சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எதுவும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தாள். அது எங்கள் குடும்பச் சிரிப்பு.

இப்போது 1990-க்குப் போக வேண்டும். விருதுநகர். எனக்குப் பன்னிரண்டு வயது. தீபாவளிக்கு மறுநாள். அடுப்படியில் அம்மா உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சித்தி பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்தான். சித்தப்பாவுக்கு அம்மா வைக்கிற கோழி வறுவல் என்றால் உயிர். அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சித்திக்கு ஆசை.

எனக்கு அந்த மசாலாவில் என்னென்ன போகும் என்று தெரியும். நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கல்பாசி வாங்கி வருகிறவனே நான்தானே? பார்த்தால் காய்ந்த மரப்பட்டைச் சருகு மாதிரி இருக்கும். பாறையிலும் மரத்திலும் படர்கிற ஒரு வகைப் பாசி. தனியாக முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. சூடான எண்ணெயில் போட்டால்தான் மண்ணும் புகையும் கலந்த மாதிரி ஒரு வாசம் எழும்பும். அம்மா எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். கல்பாசி வரவே இல்லை. ‘அம்மா, அந்தக் கல்...’ என்று வாயைத் திறந்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது பாருங்கள்! ‘போய் விளையாடுறா’ என்றாள் அம்மா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அதற்குப் பிறகு முப்பது தீபாவளி. சித்தி ஒவ்வொரு முறையும் நோட்டைப் பார்த்து அச்சுப்பிசகாமல் செய்வாள். சித்தப்பா சாப்பிட்டுவிட்டு, ‘எல்லாம் சரிதான்... மதினி வைக்கிற மாதிரி மட்டும் வரமாட்டேங்குது’ என்பார். கோபமாக அல்ல, சாதாரணமாகத்தான் சொல்வார். சித்தியும் சாதாரணமாகத்தான் பதில் சொல்வாள். ‘எனக்குக் கை அமையலை. அக்காவுக்கு அந்தக் கை.’

நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன், வாய் நிறையச் சோற்றோடு.

அம்மாவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. பதினெட்டு வயதில் பதினோரு பேர் இருந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். சம்பளம் கிடையாது. பெயரில் சொத்து கிடையாது. பேங்க் பாஸ்புக் கிடையாது. வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கலாமா என்று அவளை யாரும் கேட்டது கிடையாது. அந்தக் கோழி வறுவல் ஒன்றில்தான் ஊரே அவள் பெயரைச் சொன்னது. அந்த ஒரு சிட்டிகைக் கல்பாசிதான் அவளுடைய ஃபிக்ஸட் டெபாசிட். அதைப் போய் இன்னொருத்திக்கு எப்படித் தூக்கிக் கொடுப்பாள்?

புரிகிறது. ஆனால், அந்த இன்னொருத்தியிடமும் அதே மாதிரி ஒன்றும் இல்லையே? அவளும் அதே வீட்டுக்கு, அதே வெறுங்கையோடு வந்தவள்தானே?

சரி, வர்ஜீனியாவுக்கு வருவோம். புதன்கிழமை சாயங்காலம் பெரியவர் வேலியருகே நின்று கூப்பிட்டார். கையில் ஒரு தட்டு. நான் சொன்னபடியே கோழி செய்திருக்கிறார். மசாலா சாமான்களை இந்தியன் ஸ்டோர் தேடிப்போய் வாங்கியிருக்கிறார். ‘சாப்பிட்டுப் பாருங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களுது மாதிரி இல்லை. நான்தான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்’ என்றார். கரி அதிகச் சூடாக இருந்திருக்குமோ? ராத்திரி முழுக்க ஊற வைத்தது போதவில்லையோ? தயிர் புளிப்புக் குறைவோ? நாற்பது வருஷமாக க்ரில் முன்னால் நிற்கிற மனிதர், தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு என்னிடம் விளக்கம் கேட்கிறார்.

எனக்குச் சித்தியின் குரல் கேட்டது. ‘எனக்குக் கை அமையலை.’

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஜெட்லாக் மேல் பழியைப் போட்டேன்.

‘என்ன சார், ஒரு சமையல் குறிப்புக்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா?’ என்று நீங்கள் கேட்கலாம். ரகசியம் வைத்துக்கொள்வது அவ்வளவு பெரிய பாவமா? அப்படியென்றால் தொழில் செய்கிறவன் என்ன ஆவான்?

நியாயம்தான். கல்லூரியில் எங்களுக்கு அக்கவுன்ட்ஸ் எடுத்தவர் ‘குட்வில்’ பாடம் நடத்தும்போது ஒன்று சொல்வார்: கண்ணுக்குத் தெரியாது என்பதால் அது கற்பனைச் சொத்து ஆகிவிடாது. ஒரு கடையின் நல்ல பெயர், ஒரு ரகசியப் பக்குவம், எல்லாம் காசு பெறும். 1977-ல் ஜனதா அரசு வந்தபோது கோக கோலா கம்பெனியிடம், ‘ஃபெரா சட்டப்படி உன் பங்கை 40 சதவிகிதமாகக் குறைத்துக்கொள், தொழில்நுட்பத்தையும் இங்கே கொடு’ என்றார்கள். கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு நாட்டை விட்டே போனது. திரும்பி வந்தது 1993-ல். ஃபார்முலாவைக் கொடுப்பதைவிட இந்தியாவை இழப்பதே மேல் என்று முடிவு செய்தார்கள். அதை வியாபாரம் என்று சொல்லலாம், பொய் என்று சொல்ல முடியாது. ‘தரமாட்டேன்’ என்று உலகத்துக்கே தெரியச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஊரில் ஒரு புரோட்டாக் கடைக்காரர் இருந்தார். சால்னா பக்குவம் கேட்டால், ‘அண்ணாச்சி, வீட்டை எழுதிக் கேளுங்க, தர்றேன். அதை மட்டும் கேக்காதீக’ என்பார். அதுவும் நேர்மைதான். அந்தச் சால்னாவில்தான் அவர் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் வித்தியாசம். மறுப்பவன் தன் மறுப்புக்கான விலையைத் தானே கொடுக்கிறான். ‘கஞ்சப்பயல், சொல்லமாட்டான்’ என்கிற பெயர் அவனுக்குத்தான் வரும். கேட்டவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அவர் வேறு இடத்தில் கேட்டுக்கொள்வார். ஆனால், ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சொல்பவன் கதை வேறு. தாராள மனசுக்காரன் என்ற பெயர் அவன் கணக்கில் வரவு. தோல்வி மட்டும் அடுத்தவர் கணக்கில் பற்று. அதை எழுதியது யார் என்று அந்த அடுத்தவருக்கு ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை. தன் கையில்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டே இருப்பார்.

சமையல் மட்டும் இல்லை. நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் ஒரு பெரிய மனிதரின் போன் நம்பரைக் கொடுத்து, ‘எப்ப வேணா பேசு’ என்றார். பேசினேன். ஒருநாள்கூட அவர் சரியாகப் பதில் சொன்னதில்லை. எனக்குப் பேட்டி எடுக்க வராது என்றே ஆறு மாதம் நினைத்திருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் அவர் மனிதர்களோடு பேசுவார் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லப்படவில்லை. உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவும் இருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்குக் கேம்ப்பிங் கிளம்பினோம். 1935-ல் அமைக்கப்பட்ட பூங்கா. மலை முகட்டின் மேலேயே 105 மைலுக்கு ஒரு சாலை ஓடுகிறது. ஸ்கைலைன் டிரைவ். நடுவில் ஒரு முகாம் இடத்தில் டென்ட் அடித்தோம். ஆளுக்கொரு மர மேஜை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம்.

நிறைய விதிமுறைகள். கறுப்புக் கரடி நடமாடுகிற காடு என்பதால் சாப்பாட்டைக் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது. காருக்குள் பூட்ட வேண்டும், அல்லது அதற்கென்று இருக்கிற பெட்டியில் வைக்க வேண்டும். விறகை வெளியிலிருந்து இஷ்டத்துக்குக் கொண்டுவரக்கூடாது. ஒருவகைப் பச்சை வண்டு விறகோடு பயணம் செய்து ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருக்கிறது. 2002-ல் மிச்சிகனில் முதலில் கண்டுபிடித்தார்கள். இப்போது பல மாநிலங்களில் பரவிவிட்டது.

ராத்திரி தீயைச் சுற்றி உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். முகாம் சமையலில் சமையலறை கிடையாது. கதவு கிடையாது, சுவர் கிடையாது. யார் எதை எதில் போடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மறைப்பதற்கு இடமே இல்லை. அதனால்தானோ என்னவோ, அங்கே செய்கிற பண்டங்களும் குழந்தைகூடச் செய்யக்கூடியவை. அவர்களுடைய ‘ஸ்மோர்’ இருக்கிறதே, அதில் மூன்றே சாமான். குச்சியில் குத்தி வாட்டிய மார்ஷ்மெல்லோ, சாக்லேட், மேலும் கீழும் ஒரு பிஸ்கட். அதன் செய்முறை 1927-லேயே அமெரிக்கச் சாரணச் சிறுமிகளின் கையேட்டில் அச்சாகிவிட்டது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று பொருள்படுகிற ஆங்கில வார்த்தைகள்தான் சுருங்கி ஸ்மோர் ஆயிற்று. அதை முதலில் செய்தவர் யாரோ! கோடிக்கணக்கான குழந்தைகள் நாக்கில் சூடு போட்டுக்கொண்டு தின்கிறார்கள். இன்னொன்று, வெறும் பொருள்கள் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமே சொல்கிறது. சட்டம் கைவிரித்துவிட்டது. மிச்சமெல்லாம் மனசாட்சிதான்.

அக்கா மகளுக்குப் பத்து வயது. அவள் வாழைப்பழத்தில் ஒன்று செய்தாள். பழத்தைத் தோலோடு நீளவாக்கில் கீறி, பிளவில் சாக்லேட் துண்டுகளும் மார்ஷ்மெல்லோவும் திணித்து, அலுமினியத் தாளில் சுற்றித் தணலோரம் எட்டு நிமிடம். தோல் கறுக்கும், உள்ளே பாயசம் மாதிரி ஆகிவிடும். கரண்டியால் வழித்துச் சாப்பிட வேண்டியதுதான். பக்கத்து டென்ட் அம்மாள் வாசனை பிடித்துக்கொண்டு வந்து, எப்படி என்று கேட்டார். இவள் சொன்னாள். சொல்லிவிட்டு, ‘ஒரு நிமிஷம்!’ என்று மேஜைக்கு ஓடிப்போய் கன்டென்ஸ்டு மில்க் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். ‘இது ஒரு ஸ்பூன் ஊத்தணும். அதான் சீக்ரெட்!’

பரம்பரை அவளோடு அறுந்துபோனது என்று நினைத்துக்கொண்டேன். அக்காவைப் பார்த்தேன். அக்கா தீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பியதும் நேராக வேலியோரம் போனேன். ஒரு சின்னப் பொட்டலத்தில் கல்பாசி. ‘அன்றைக்கு ஒரு பொருளைச் சொல்லவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை’ என்றேன். ‘மறந்துவிட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். அது இன்னொரு சிட்டிகைப் பொய்யாகியிருக்கும்.

பெரியவர் பொட்டலத்தைப் பிரித்தார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். ‘அப்பாடா! அப்ப என் கை மேல தப்பில்லை!’

கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். அவருக்கு வந்ததோ நிம்மதி. வெறும் நான்கு நாள் தன்னைச் சந்தேகப்பட்டவருக்கே அவ்வளவு நிம்மதி என்றால்...

ராத்திரி எட்டரை மணிக்கு விருதுநகருக்குப் போன் போட்டேன். அங்கே திங்கள்கிழமை காலை ஆறு. சித்தி எழுந்து வாசல் தெளித்து முடித்திருப்பாள்.

‘சொல்லுப்பா, அக்கா நல்லாருக்காளா?’

சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டேன். நோட்டில் எழுதியது, கல்பாசி, நான் பார்த்துக்கொண்டிருந்தது, தொடையில் விழுந்த கிள்ளு, எல்லாம். அம்மா 2016-லேயே போய்விட்டாள். அவள் சார்பில் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. என் சார்பில் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அப்புறம் சித்தி சொன்னாள்:

‘இப்பச் சொல்லி என்னப்பா... சாப்பிட்டுக் குறை சொல்ற ஆளு போயாச்சே.’

சித்தப்பா 2021-ல், கொரோனாவின் இரண்டாவது அலையில் போனார். கடைசித் தீபாவளிக்கும் அதே வறுவல், அதே வாசகம்.

நான் ஒன்றும் பேசவில்லை. என்ன பேச முடியும்? உண்மையை எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்க வேண்டியவர் அதுவரை காத்திருப்பாரா என்று யோசிப்பதில்லை. பெரியவரின் நாலு நாளை என்னால் திருப்பிக் கொடுக்க முடிந்தது. சித்தியின் முப்பது வருஷத்தை எந்த வேலியோரம் கொண்டுபோய்க் கொடுப்பது?

போனை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஏதோ டிராயரை இழுக்கிற சத்தம் கேட்டது.

‘ஏப்பா, ஒரு கிலோவுக்கு எவ்வளவு போடணும்?’

சித்தியிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ கோழிக்கு: கெட்டித் தயிர் நாலு மேஜைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேஜைக்கரண்டி, மல்லித்தூள் ஒரு மேஜைக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், மிளகுத்தூளும் சோம்புத்தூளும் ஒவ்வொரு டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், தேவையான உப்பு. இரண்டு மேஜைக்கரண்டி நல்லெண்ணெயைச் சூடாக்கி, கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டே இரண்டு கல்பாசித் துண்டு போடுங்கள். வாசம் வந்ததும் உடனே இறக்கி, ஆறியதும் நுணுக்கி, எண்ணெயோடு சேர்த்துப் பிசறுங்கள். இரண்டுக்கு மேல் போனால் கசக்கும். ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க ஊறட்டும். கரி அடுப்பு இருந்தால் வெட்டவெளியில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். கரி வெள்ளையாகும்வரை சும்மா நில்லுங்கள். அப்புறம் மிதமான பக்கம் மூடி போட்டு முப்பத்தைந்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் கடும் சூடு. கரி இல்லாதவர்கள் தோசைக்கல்லில் குறைந்த தீயில் மூடி வைத்து, சின்னத் துண்டுகளாகச் செய்யலாம். சித்தி அப்படித்தான் வறுக்கிறாள், தயிர் மட்டும் சேர்க்காமல்.

அவ்வளவுதான். இந்த முறை நிஜமாகவே அவ்வளவுதான்.